குதிரை வலுவுக்கு முன் பிரேக்கைப் பாருங்கள்

பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு விடயம் நன்றாகத் தெரியும். கடைக்கு வரும் இளைஞர்களில் பெரும்பாலானோர் முதலில் கேட்பது வேகத்தைக் கூட்டும் சாமான்களைத்தான். டர்போ இருக்கிறதா, பெரிய சைலன்சர் இருக்கிறதா, காரைப் பதிக்கும் ஸ்பிரிங் இருக்கிறதா என்றெல்லாம் விசாரிப்பார்கள். பிரேக் ஒயில் மாற்ற வேண்டும் என்று தாமாகவே தேடி வருபவர்கள் குறைவு. பெடல் கீழே போன பிறகுதான் அது நினைவுக்கு வருகிறது.

வியாபாரத்திலும் நம்மில் பலர் இப்படித்தான் நடந்துகொள்கிறோம். விற்பனையை எப்படிக் கூட்டுவது என்று இரவு பகலாக யோசிக்கிறோம். தேவைப்பட்டால் எப்படி நிறுத்துவது என்று யோசிப்பதில்லை. இதைப் பற்றி எழுதுவதற்குப் பொருத்தமான ஓர் அனுபவத்தை நண்பர் ஒருவரின் மகன் என்னிடம் சொன்னார். அவர் மோட்டார் பந்தய வீரர் அல்ல, ஒரு மாணிக்கக்கல் வியாபாரி.

நண்பர் பேருவளைக்காரர். சீனன்கோட்டையில் கல் வியாபாரம் செய்கிறார். மகன் ஜேர்மனியில் இருக்கிறார். அங்கே இடார் ஓபர்ஸ்டைன் என்றொரு சிறிய நகரம் உண்டு. கல் வெட்டுவதிலும் பட்டை தீட்டுவதிலும் பல நூறு ஆண்டுகள் பேர்போன ஊர். நமது கல் வியாபாரிகளுக்கு அந்தப் பெயர் புதிதல்ல. அங்கிருந்து காரில் சுமார் ஒன்றரை மணித்தியாலம் போனால், அதே மாநிலத்தில் நூர்பர்க்ரிங் என்ற உலகப் புகழ்பெற்ற மோட்டார் பந்தயப் பாதை இருக்கிறது. கடந்த கோடையில் ஒரு வார இறுதியில், தான் அலங்கரித்து வலுவேற்றி வைத்திருந்த பழைய கோல்ஃப் ஜீடிஐ காரை எடுத்துக்கொண்டு அவர் அங்கே போயிருக்கிறார்.

ஊரைப் பிழைக்க வைக்கப் போட்ட பாதை

இந்தப் பாதையின் வரலாறே வியாபாரிகள் அறிந்திருக்க வேண்டிய ஒன்று. முதலாம் உலகப் போருக்குப் பின்னர் ஐஃபல் மலைப்பகுதி மிகவும் வறுமைப்பட்டிருந்தது. அங்குள்ளவர்களுக்கு வேலை கொடுக்கவும், ஜேர்மன் கார் உற்பத்தியாளர்களுக்குச் சோதனைக் களம் அமைக்கவும் 1925ஆம் ஆண்டு இந்தப் பாதையைக் கட்டத் தொடங்கினார்கள். 1927ஆம் ஆண்டு அது திறக்கப்பட்டது.

அதன் வடக்குச் சுற்று, அதாவது நோர்ட்ஷ்லைஃபே, ஒரு சுற்றுக்கு 20.8 கிலோ மீற்றர் நீளமானது. எழுபதுக்கும் மேற்பட்ட வளைவுகள். மிக உயர்ந்த இடத்துக்கும் மிகத் தாழ்ந்த இடத்துக்கும் சுமார் 300 மீற்றர் வித்தியாசம். காட்டுக்குள்ளே ஏறியும் இறங்கியும் போகிறது. பாதையோரத்தில் ஒதுங்கப் பெரிதாக இடமில்லை, புல்லைத் தாண்டினால் இரும்பு வேலிதான். பிரித்தானிய வீரர் ஜாக்கி ஸ்டூவர்ட் இதற்குப் 'பச்சை நரகம்' என்று பெயர் வைத்தார். 1976ஆம் ஆண்டு ஓகஸ்ட் 1ஆம் திகதி நிக்கி லவுடா இங்கே தீக்காயங்களுடன் சாவின் விளிம்புவரை போய் வந்தார். அதன் பிறகு ஃபோர்மியூலா வன் பந்தயம் இந்தச் சுற்றில் நடக்கவில்லை. 1984ஆம் ஆண்டு பக்கத்திலேயே புதிதாகச் சிறிய பாதையொன்றைக் கட்டினார்கள்.

ஆனால் பழைய பாதையை மூடவில்லை. பந்தயமோ கார் கம்பனிகளின் சோதனையோ இல்லாத வேளைகளில், வீதியில் ஓடத் தகுதியான கார் வைத்திருக்கும் எவரும் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே ஓட்டலாம். அண்மைய ஆண்டுகளில் ஒரு சுற்றுக்குச் சுமார் 30 யூரோ, வார இறுதியில் அதைவிடச் சற்றுக் கூட. அந்த நேரத்தில் அது சட்டப்படி ஒரு வழிப் பொது வீதி. வீதிச் சட்டம் அப்படியே செல்லுபடியாகும். முந்துவதானால் இடப்பக்கத்தால்தான் முந்த வேண்டும். சத்தத்துக்கும் எல்லை உண்டு. சுற்றுக்கு எத்தனை நிமிடம் என்று நேரம் பிடிப்பதற்கும் தடை.

"எத்தனை நிமிடத்தில் சுற்றினீர்கள் தம்பி?" என்று நானும் கேட்டேன்.

"நேரம் பிடிக்க விடமாட்டாங்க மாமா. பிடிச்சிருந்தாலும் வெளியில சொல்ற மாதிரி இருந்திருக்காது" என்று சிரித்தார்.

சனிக்கிழமை

அவரது காரில் செய்த வேலைகள் இவை. எஞ்சின் கம்பியூட்டரில் மாற்றம் செய்து வலுவைக் கூட்டியிருந்தார். சைலன்சரை மாற்றியிருந்தார். ஸ்பிரிங் மாற்றிக் காரைப் பதித்திருந்தார். ஜேர்மனியில் இப்படியான மாற்றங்களைப் பரிசோதித்து அங்கீகாரம் பெற வேண்டும், இல்லாவிட்டால் கார் வீதியில் ஓட முடியாது. அதையும் முறையாகச் செய்திருந்தார். பிரேக்கில் மட்டும் கை வைக்கவில்லை. கார் வாங்கும்போது இருந்த பேட்ஸ், அதே பழைய பிரேக் ஒயில்.

சனிக்கிழமை நான்கு சுற்றுக்கு டிக்கெட் வாங்கினார். முதற் சுற்று பாதை பழகுவதற்கு என்று மெதுவாகவே போனார். இரண்டாம் சுற்றில் தைரியம் வந்தது. காரை ஆறவிடாமல் உடனேயே மூன்றாம் சுற்றுக்கும் நுழைந்துவிட்டார்.

வேர்சைஃபன் என்றோர் இறக்கம் இருக்கிறது. அங்கிருந்து பாதை செங்குத்தாக இறங்கி, பிரைட்ஷைட் என்ற இடத்தில் பாலமொன்றைக் கடக்கிறது. முழுச் சுற்றிலும் தாழ்வான இடம் அதுதான். அந்த இறக்கத்தில் பிரேக் பெடல் பஞ்சுபோல் இருந்தது என்றார். மிதிக்க மிதிக்கக் கீழே போனது, கார் நிற்பதாக இல்லை. கியரைக் குறைத்து, பெடலை இரண்டு மூன்று தடவை விட்டு விட்டு மிதித்து, எப்படியோ வளைவைத் தாண்டிப் பாலத்தைக் கடந்துவிட்டார். அதற்கப்பால் மேடு என்பதால் கார் தானாக வேகம் குறைந்தது. மீதிச் சுற்றை வலப்பக்க ஓரமாக, சிக்னல் போட்டுக்கொண்டு, மற்றவர்களுக்கு வழிவிட்டு முடித்தார். நான்காம் டிக்கெட்டை அன்றைக்குப் பாவிக்கவில்லை.

"வேலியில மோதியிருந்தா என்ன நடந்திருக்கும்?" என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். அந்தக் காரில்தான் அவர் வியாபாரத்துக்கும் போய்வருகிறார். வாப்பா அனுப்பிய கற்களை விற்ற பணம் அப்போது அவருடைய கணக்கில்தான் கிடந்தது. ஊரில் கல் கொடுத்தவர்களுக்கு இரண்டு கிழமைக்குள் அது போய்ச் சேர வேண்டும். வேறு கையிருப்பு அவரிடம் இல்லை.

வெப்பத்தின் கணக்கு

பெடல் ஏன் பஞ்சானது என்பதை விளங்கிக்கொள்வது நல்லது. மலைநாட்டுப் பாதைகளில் லொறி ஓட்டும் நமக்கும் அது உதவும்.

பிரேக்கின் வேலை, காரின் வேகத்தை வெப்பமாக மாற்றுவதுதான். வேகம் இரண்டு மடங்கானால் அந்த வெப்பம் இரண்டு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. 1,400 கிலோ எடையுள்ள கார் ஒன்று மணிக்கு 180 கிலோ மீற்றர் வேகத்தில் வந்து ஒரு தடவை முழுமையாக நின்றால், ஐந்து லீற்றருக்கும் மேற்பட்ட பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம் பிறக்கிறது. அவ்வளவையும் நான்கு சக்கரங்களின் தட்டுகளும் பேட்ஸ்களும் தாங்க வேண்டும். அடுத்த வளைவில் திரும்பவும் தாங்க வேண்டும். ஆறுவதற்கு நேரம் இல்லை.

அடுத்தது பிரேக் ஒயில். அது காலப்போக்கில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 4 தரத்து ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தர நியமம். ஈரம் உறிஞ்சிய பிறகு அந்த எல்லை 155 பாகைக்கு இறங்குகிறது. ஒயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழிகள் உண்டாகும். நாம் மிதிக்கும் விசை பேட்ஸைப் போய்ச் சேராமல், அந்தக் குமிழிகளை நசுக்குவதிலேயே தீர்ந்துவிடும். பெடல் கீழே போவது அதனால்தான்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. எஞ்சினின் வலுவைக் கூட்டியதால் ஒவ்வொரு வளைவுக்கும் கார் முன்னரை விட வேகமாக வந்து சேர்ந்தது. ஆகவே பிரேக்குக்கு வேலை கூடியது. காசு செலவழித்துப் பூட்டிய சாமான்தான், செலவழிக்காமல் விட்ட சாமானைத் தோற்கடித்தது.

ஞாயிற்றுக்கிழமை

சனிக்கிழமை மாலையே அவர் பக்கத்து ஊரான அடனாவில் ஒரு சிறிய கராஜைத் தேடிப் பிடித்தார். இப்படி வந்து மாட்டிக்கொள்பவர்களைப் பார்த்துப் பழகிய கராஜ்காரர் அதிகம் பேசவில்லையாம். பழைய ஒயிலைக் கழற்றிவிட்டு, கூடிய வெப்பம் தாங்கும் ஒயில் ஊற்றினார். பேட்ஸ் நான்கு சோடியையும் மாற்றினார். சக்கர நட்டுகளை இறுக்கிப் பார்த்தார். டயர் சூடேறினால் காற்றழுத்தமும் கூடும், ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் அளந்து பாருங்கள் என்று சொன்னார். வேகமாக ஓடிவிட்டு வந்து நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் இழுக்க வேண்டாம், கொதிக்கும் தட்டில் பேட்ஸ் ஒட்டிக்கொள்ளும் என்றும் எச்சரித்தார்.

ஞாயிறு அன்று மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும் நீண்ட நேர் வீதியில் பிரேக் மிதிக்காமல் மெதுவாக வந்து, வெளியே நிறுத்தி அரை மணித்தியாலம் ஆறவிட்டார். எஞ்சினில் எந்த மாற்றமும் இல்லை. ஆனால் பிரேக் எங்கே பிடிக்கும் என்று தெரிந்ததால், முதல் நாள் பயந்து பயந்து போன வளைவுகளை நிதானமாக எடுக்க முடிந்தது என்றார். அப்படிப் போகும்போதே வயதான ஒருவர் ஒரு சின்னக் காரில் வந்து சர்வசாதாரணமாக இவரை முந்திப் போனாராம். பாதை தெரிந்த மனிதர்!

பாதை தெரிவது எவ்வளவு பெரிய முதல் என்பதற்கு ஸபீனே ஷ்மிட்ஸ் நல்ல உதாரணம். அந்த வட்டாரத்திலேயே பிறந்து வளர்ந்தவர். அங்கே நடக்கும் 24 மணித்தியாலப் பந்தயத்தை 1996ஆம், 1997ஆம் ஆண்டுகளில் வென்ற அணிகளில் ஓட்டியவர். 2021ஆம் ஆண்டு காலமானார். பிரித்தானியத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றுக்காக, சாமான் ஏற்றும் ஃபோர்ட் டிரான்ஸிட் வேன் ஒன்றை இந்தப் பாதையில் 10 நிமிடம் 8 செக்கனில் ஓட்டி முடித்தார். நாம் சரக்கு ஏற்றும் அதே வகை வேன்தான்! விலை உயர்ந்த கார்களில் வரும் பலரால் எட்ட முடியாத நேரம் அது.

டிக்கெட் விலை மட்டும் செலவல்ல

வீடு திரும்பியதும் அந்த இளைஞர் கணக்கு எழுதிப் பார்த்திருக்கிறார். வியாபாரியின் பிள்ளை அல்லவா! டிக்கெட்டுக்குக் கொடுத்தது மொத்தச் செலவில் சிறிய பங்குதான். பெற்றோல், தங்குமிடம், பேட்ஸ், ஒயில், கராஜ் கூலி எல்லாம் சேர்ந்தன. அவற்றைவிட, பில் வராத செலவொன்றும் இருந்தது. சாதாரணமாக நெடுநாள் ஓட வேண்டிய டயர்களின் ஓரங்கள் இரண்டே நாளில் தேய்ந்து போயிருந்தன.

வராமல் போன செலவு இதையெல்லாம் விடப் பெரியது. அங்கே வேலியில் மோதினால் வேலிக்கான பணம், காரை இழுத்துச் செல்லும் கூலி, பாதையைத் துப்புரவாக்கும் செலவு எல்லாம் ஓட்டியவர் தலையில்தான். பல காப்புறுதி நிறுவனங்கள் பந்தயப் பாதையில் நேரும் சேதத்தைத் தமது ஒப்பந்தத்திலிருந்து விலக்கியிருக்கின்றன. வாடகைக்குக் கார் கொடுக்கும் வழமையான கம்பனிகளும் அங்கே கொண்டுபோவதைத் தடை செய்திருக்கின்றன. நம் நாட்டு மோட்டார் காப்புறுதியிலும் பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் பாவித்தால் நட்டஈடு இல்லை என்ற நிபந்தனை வழமையாக இருக்கும். சிறிய எழுத்தில் இருப்பதால் நாம் வாசிப்பதில்லை.

விளையாட்டுத்தானே என்று இதை எடுத்துக்கொள்ளவும் முடியாது. 2024ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தில் கார் ஒன்று பாதையை விட்டு விலகிப் பார்வையாளர்கள் மீது பாய்ந்ததில் ஏழு பேர் உயிரிழந்ததை நாம் மறக்கவில்லை.

பாதையின் சொந்தக்காரருக்கு நேர்ந்தது

அந்த இளைஞர் காரில் செய்ததையே, பல கோடி மடங்கில், பாதையின் சொந்தக்காரர்களும் செய்தார்கள் என்பதுதான் இந்தக் கதையில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது.

பாதையை நடத்திய கம்பனியின் 90 சதவீதம் ரைன்லாந்து பலற்றினேட் மாநில அரசுக்குச் சொந்தமாக இருந்தது. கார் ஓட்டும் வருமானம் போதாது, ஆண்டு முழுவதும் கூட்டம் வர வேண்டும் என்று தீர்மானித்தார்கள். ஹோட்டல்கள், கடைத்தொகுதி, உல்லாசப் பூங்கா, உலகிலேயே வேகமானதாக இருக்கும் என்று சொல்லப்பட்ட ரோலர் கோஸ்டர் என்று திட்டம் பெருத்தது. செலவு சுமார் 330 மில்லியன் யூரோவைத் தொட்டது. தனியார் முதலீடு வரும் என்று நம்பினார்கள், வரவில்லை. 2009ஆம் ஆண்டு மாநில நிதி அமைச்சர் பதவி விலக நேர்ந்தது. ரோலர் கோஸ்டர் அதே ஆண்டு சோதனை ஓட்டத்தின்போது விபத்துக்குள்ளானது. 2013ஆம் ஆண்டு ஒருவாறு திறந்து, நான்கே நாள் ஓடி நின்றது. அதற்கு முன்னரே, 2012ஆம் ஆண்டு, கம்பனி வங்குரோத்து நிலைக்குப் போய்விட்டது. 2014ஆம் ஆண்டு எல்லாவற்றையும் சேர்த்து விலை பேசியபோது கிடைத்த விலை 77 மில்லியன் யூரோ. அதை வாங்க வந்த கார் உதிரிப்பாகக் கம்பனியும் தவணைப் பணம் கட்டமுடியாமல் தடுமாற, கடைசியில் ரஷ்யச் செல்வந்தர் ஒருவரின் கைக்குப் போனது.

இத்தனைக்கும் நடுவில் கெடாமல் நின்றது எது தெரியுமா? 1927ஆம் ஆண்டு போட்ட அதே பழைய பாதைதான். கார் கம்பனிகள் சோதனைக்கு வந்தன. பந்தயங்கள் நடந்தன. வார இறுதியில் சாதாரண மனிதர்கள் டிக்கெட் வாங்கி ஓட்டினார்கள். அந்தத் தொழில் உருப்படியாகவே இருந்தது. அதற்கு மேல் ஏற்றிய பாரம்தான் கம்பனியைக் கவிழ்த்தது.

நமது கடைக்கு

இனி நம் விடயத்துக்கு வருவோம். சிறிய கணக்கொன்றைப் பாருங்கள்.

ஒரு மொத்த வியாபாரி மாதம் 10 இலட்சம் ரூபாவுக்கு, இரண்டு மாதத் தவணையில் சரக்குக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எந்த நேரத்திலும் வெளியில் நிற்கும் பணம் 20 இலட்சம். விற்பனையை இரட்டிப்பாக்க ஆசைப்பட்டு, தவணையை மூன்று மாதமாக்குகிறார். வாடிக்கையாளர்கள் வருகிறார்கள். மாத விற்பனை 20 இலட்சமாகிறது. வெளியில் நிற்கும் பணமோ 60 இலட்சமாகிவிட்டது! விற்பனை இரண்டு மடங்கு, ஆபத்து மூன்று மடங்கு. அவருக்குச் சரக்குக் கொடுத்தவர் அதே பழைய தவணையில் பணம் கேட்பார். இடைவெளியை நிரப்ப வங்கி மேலதிகப் பற்றுத்தான் வழி.

நேர் வீதியில் இது தெரியாது. இறக்கம் வரும்போது தெரியும். 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் மத்திய வங்கி தனது வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. கடனில் விரிவாக்கம் செய்திருந்த எத்தனை கடைகள் அந்த இறக்கத்தில் பெடல் பிடிக்காமல் தவித்தன என்பதை நாம் கண்ணால் பார்த்தோம். விற்பனை இல்லாமல் விழுந்தவர்களைவிட, விற்பனை நன்றாக இருந்து விழுந்தவர்களின் கதைதான் கவலைக்குரியது.

ஆகவே, இரண்டாவது கிளை திறக்க, புதிய லொறியை லீசிங்கில் எடுக்க, தவணையை நீட்ட நினைக்கும் வாசகர்கள் முதலில் மூன்று விடயங்களை எழுதிப் பார்ப்பது நல்லது. முதலாவது, இன்றைக்கே கொள்முதலை நிறுத்தினால் கையிருப்புச் சரக்கைக் காசாக்க எத்தனை நாள் எடுக்கும்? இரண்டாவது, வெளியில் நிற்கும் பணத்திலும் கையிலுள்ள பின்திகதியிட்ட காசோலைகளிலும் எத்தனை உண்மையில் மாறும்? பெரிய வாடிக்கையாளர் ஒருவருடைய காசோலை திரும்பினால் உங்களுடைய காசோலை நிற்குமா? மூன்றாவது, விரிவாக்கத்துக்குப் போடும் பணம் உங்களுடையதா, அல்லது இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டியதா?

இவற்றுக்குத் தெளிவான பதில் இருந்தால் தாராளமாக வேகத்தைக் கூட்டுங்கள். வியாபாரத்தில் பயந்து ஒதுங்கியிருப்பதும் நட்டம்தான். பதில் இல்லாவிட்டால், புதிய முதலீட்டுக்கு வைத்திருக்கும் பணத்தில் ஒரு பங்கைப் பழைய கடனைக் குறைக்கவும், அவசரக் கையிருப்புக்கும் ஒதுக்குங்கள். அதனால் கடையின் முகப்பு அழகாகாது, வருபவர்கள் பாராட்டவும் மாட்டார்கள். பிரேக் ஒயிலும் அப்படிப்பட்ட சாமான்தான்.

அந்த இளைஞர் இந்த ஆண்டும் அங்கே போகப்போவதாகச் சொல்கிறார். நான் தடுக்கவில்லை. உழைக்கும் மனிதனுக்குப் பொழுதுபோக்கும் வேண்டும்தானே! ஆனால் இரண்டு மாற்றங்கள் செய்திருக்கிறார். தன்னுடைய காரை ஊரில் விட்டுவிட்டு, அந்தப் பாதைக்கென்றே தயார் செய்து வாடகைக்குக் கொடுக்கும் சின்னக் கார் ஒன்றை எடுக்கப்போகிறார். மோதினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பது அந்த ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறதாம். அந்தத் தொகையை இப்போதே தனிக் கணக்கொன்றில் போட்டு வைத்திருக்கிறார். கல் விற்ற பணம் அந்தக் கணக்கில் இல்லை.